குவாதர் பற்றிய கடிதங்கள்

கேள்வி: பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாகாணத்திலுள்ள குவாதர் துறைமுகத்தைச் சீனா 99 ஆண்டுகளுக்கு வாங்கிவிட்டதாமே?

பதில்: வாங்கவில்லை, குத்தகை. 99 ஆண்டு என்பது இலங்கையின் அம்பாந்தோட்டை. குவாதர் 2013இல் 40 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனத்தின் கைக்குப் போனது.

கேள்வி: தாசு அணையில் வேலை செய்த சீனப் பொறியாளர்களைக் கொன்றதும், பலுசிஸ்தானின் விடுதலை கேட்டுப் போராடும் ஆயுதக் குழுவான பலுச் விடுதலைப் படைதானே?

பதில்: இல்லை. தாசு இருப்பது பலுசிஸ்தானில் அல்ல, கைபர் பக்துன்க்வாவில். 2021 ஜூலையில் பஸ்ஸில் சென்ற 9 சீனர்கள் இறந்தார்கள். 2024 மார்ச்சில் அதே மாகாணத்தின் பேஷம் அருகே 5 பேர். பாகிஸ்தான் அரசு கைகாட்டியது பாகிஸ்தான் தலிபான்களான தெஹ்ரிக்-இ-தலிபான் அமைப்பை, அவர்கள் மறுத்தார்கள். பலுச் படை பொறுப்பேற்றவை 2022இல் கராச்சிப் பல்கலைக்கழகத்திலும் 2024 அக்டோபரில் கராச்சி விமான நிலையத்துக்கு அருகிலும் நடந்த தாக்குதல்கள். எந்த மாகாணம், யார் பொறுப்பேற்றது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். எத்தனை முறை சொல்வது!

கேள்வி: சீனா விமான நிலையம் வரை கட்டிக்கொடுத்த பிறகும் குவாதர் மக்கள் எதிர்ப்பது நன்றிகெட்டதனம் அல்லவா?

பதில்: இந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. குவாதர் மீன்பிடித்து வாழும் ஊர். கிழக்குக் கரையிலிருந்துதான் தலைமுறை தலைமுறையாகப் படகைக் கடலில் இறக்கினார்கள். துறைமுகத்துக்கான நெடுஞ்சாலை, ஏறக்குறைய 19 கிலோமீட்டர், அந்தக் கரையை ஒட்டியே போடப்பட்டது. படகு போய்வர வழி விடுங்கள் என்று கேட்கவே போராட வேண்டியிருந்தது. துறைமுக வருமானத்தில் 91 சதவீதம் சீன நிறுவனத்துக்குப் போகிறது. ஊரிலோ குடிநீருக்குத் திண்டாட்டம், மின்சாரம் பெரும்பாலும் ஈரானிலிருந்து வந்தாக வேண்டும். வலையோடு வீடு திரும்புகிறவரைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி, "எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய்?" என்று கேட்கிறார்கள். பிறந்த ஊரில், வெளியூரிலிருந்து வந்த சிப்பாய்!

2021 நவம்பரில் மௌலானா ஹிதாயதுர் ரஹ்மான் தலைமையில் ஒரு மாதம் தெருவில் உட்கார்ந்தார்கள். கடலைச் சுரண்டும் டிராலர்களை நிறுத்து, சாவடிகளைக் குறை, குடிநீர் கொடு, ஈரான் எல்லை வணிகத்தைத் திற என்பவையே முக்கியக் கோரிக்கைகள். அந்த டிராலர்களில் பெரும்பாலானவை சிந்து மாகாணத்திலிருந்து வருபவை. அரசு கொடுத்த வாக்குறுதிகளில் பெரும்பாலானவை கிடப்பில் போடப்பட்ட பிறகு, 2022 டிசம்பரில்தான், துறைமுகப் பகுதியிலிருந்து சீனர்கள் வெளியேற வேண்டும் என்ற எச்சரிக்கை போராட்டக்காரர்களிடமிருந்து வந்தது. தெருவில் உட்கார்ந்தவரையும் குண்டு வைத்தவரையும் ஒன்றாக்காதீர்கள். முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

கேள்வி: பாதுகாப்பை இன்னும் கூட்டினால் தீராதா?

பதில்: சீனா-பாகிஸ்தான் பொருளாதார வழித்தடத் திட்டங்களுக்கென்றே சுமார் 15,000 பேர் கொண்ட படைப்பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. 2020 கடைசியில் ஊரைச் சுற்றியே கம்பிவேலி போடத் தொடங்கி, எதிர்ப்பு வலுத்ததும் நிறுத்தினார்கள். காவலைக் கூட்டினால் சாவடி கூடும். சாவடி கூடினால் மேலே சொன்ன மீனவரின் ஆத்திரமும் கூடும்.

கேள்வி: இதுவரை எத்தனை சீனர்கள் இறந்திருக்கிறார்கள்?

பதில்: மேலே சொன்ன நான்கு தாக்குதல்களில் மட்டும் 19 பேர். கராச்சிப் பல்கலைக்கழகத்திலும் பேஷத்திலும் சீனர்களை ஏற்றிச் சென்ற பாகிஸ்தான் ஓட்டுநர்களும் இறந்தார்கள். அவர்களைப் பற்றிக் கேட்டு ஒரு கடிதமும் வரவில்லை.