ஃபோர் ட்வெண்டி

அன்புள்ள ஐயா,

கைமாற்றாகப் பணம் வாங்கிய நண்பர் இன்னும் திருப்பித் தரவில்லை. கோபத்தில் அவரை 'ஃபோர் ட்வெண்டி' என்று திட்டிவிட்டேன். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? சட்டமே மாறிவிட்டதே, இனியும் இது செல்லுமா?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இது 1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண். வஞ்சித்து ஒருவரிடமிருந்து சொத்தை வாங்குவதற்கான தண்டனையைச் சொல்லும் பிரிவு அது: ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம். போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் புழங்கிய எண் தெருவுக்கு வந்து வசவாகிவிட்டது. இந்தியிலும் இதே எண்தான், 'சார் சௌ பீஸ்'. குறளின் ஒரே அடியில் 'வஞ்ச மனத்தான் படிற்றொழுக்கம்' என்று வஞ்சம், படிறு இரண்டும் வருகின்றன, அப்படி நம்மிடம் சொற்கள் இருந்தும் பேச்சில் இந்த எண் ஒட்டிக்கொண்டது.

ஆனால் உங்கள் நண்பருக்கு அது பொருந்துமா என்பதுதான் முக்கியம். வஞ்சித்தல் என்றால் என்ன என்பதைச் சொல்வது அதே சட்டத்தின் 415ஆம் பிரிவு. அதில் ஒரு உதாரணம் உண்டு, அவசியம் படிக்க வேண்டியது. அவுரிச் செடி தருகிறேன் என்று ஒருவன் முன்பணம் வாங்குகிறான். வாங்கும்போதே தருகிற எண்ணம் இல்லையென்றால் அது வஞ்சனை. வாங்கும்போது தர நினைத்து, பிறகு சொன்ன சொல் தவறினால் அது வஞ்சனை ஆகாது, சிவில் வழக்குதான் போடலாம். கடனுக்கும் இப்படித்தான், திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் கேட்டு வாங்குவதுதான் குற்றம். இந்த நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் கையில் காசில்லாமல் தலைகுனிந்து நிற்பவனையும் திட்டம் போட்டு ஏமாற்றுபவனையும் நாம் ஒரே சொல்லால் அடித்துவிடுகிறோம், இது பெரிய அநியாயம். கேட்ட அன்று உங்கள் நண்பர் மனதில் என்ன இருந்தது? வேலை போய்விட்டதா, வீட்டில் ஏதாவது கஷ்டமா? அதைக் கேட்காமல் இந்தப் பட்டத்தைக் கொடுக்காதீர்கள்.

சரி, சட்டம் மாறியது பற்றி. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, அதில் இந்தக் குற்றம் 318(4). 'அவன் ஒரு முந்நூற்றுப் பதினெட்டு' என்று யாரும் திட்டப்போவதாகத் தெரியவில்லை. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், கோர்ட்டிலும் இன்னும் பல வருடம் 420 காதில் விழத்தான் செய்யும்.

அன்புடன்