நோயாளிக்குப் புரிந்ததா என்று செவிலியர் எப்படித் தெரிந்துகொள்வது?

‘புரிஞ்சுதாம்மா?’ என்று கேட்காதீர்கள். பின்னால் வரிசை நிற்கும்போது யாரும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள், தலையைத்தான் ஆட்டுவார்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ‘நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும். வீட்டுக்குப் போய் இதை எப்படிக் கலக்குவீங்க, சொல்லுங்க’ என்று கேளுங்கள். பொறுப்பை நம் மேல் போட்டுக்கொண்டு கேட்பது முக்கியம். பரீட்சை வைப்பதுபோல் கேட்டால் அந்த அம்மா வாயே திறக்க மாட்டார்.

‘ஒரு டம்ளர் தண்ணியில கொஞ்சம் கொட்டி...’ என்று ஆரம்பித்தால் அங்கேயே திருத்துங்கள். 1 லிட்டர் பொட்டலத்தை முழுதாக 1 லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் உப்பு ஏறும், குழந்தைக்கு ஆபத்து. ஒரு லிட்டர் பாட்டிலைக் கையில் எடுத்துக் காட்டி, மறுபடி அவரையே சொல்லச் சொல்லுங்கள். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்பதையும் அப்படியே.