மங்கு இருக்கட்டும், முதலில் அந்த ட்யூபை எடுங்கள்

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி: "வயது 34. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் பழுப்புத் திட்டு வந்தது. மெடிக்கலில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. எட்டு மாதமாகப் போடுகிறேன். இப்போது இரண்டு நாள் விட்டாலே எரிகிறது, சிவக்கிறது, பூனைமுடி வேறு முளைக்கிறது. பார்லரில் ஆறு சிட்டிங் லேசர் எடுத்தால் சரியாகும், 18,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். எடுக்கலாமா?"

வேண்டாம். இந்த நிலைமையில் லேசர் பக்கமே போகாதீர்கள்.

உங்களுக்கு முதலில் வந்தது மங்கு. கர்ப்பகால ஹார்மோனும் வெயிலும் சேர்ந்தால் வருவது, ஆபத்தில்லாதது. இப்போது இருப்பது மங்கு மட்டுமில்லை. அந்த ட்யூபை எடுத்து, பொடி எழுத்தை செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மொமெட்டசோன், பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் இவற்றில் ஒன்று இருக்கும் என்பது என் ஊகம். மூன்றுமே ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் என்றும் இருந்தால், அது தோல் டாக்டர்களான நாங்களே மங்குக்குச் சில வாரங்களுக்கு மட்டும், கண்காணிப்போடு எழுதித் தரும் கூட்டு மருந்து. எட்டு மாதம் பவுடர் மாதிரி பூசிக்கொள்வதற்கு இல்லை. ஸ்டீராய்டு தோலை வெளுக்க வைக்கும், அப்புறம் மெலிய வைக்கும். ரத்தக்குழாய் சிவப்பு நூல் போலத் தெரியும், பரு வரும், முடி முளைக்கும். விட்டால் எரியும். எரிகிறதே என்று மறுபடி பூசுவீர்கள். இதில் சிக்கி வருகிறவர்களைப் பார்க்காத நாள் எனக்கு இல்லை.

இந்த ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு தெளிவாகவே உத்தரவு போட்டது. ட்யூபில் சிவப்புக் கோடு கூட உண்டு. யார் பார்க்கிறார்கள்? "மங்குக்கு ஏதாவது கொடுங்க" என்றால் கடைப்பையன் கை தானாக அந்த அலமாரிக்குப் போகிறது. பேர் இல்லாத டப்பாவில் வரும் 'வெள்ளை க்ரீம்' இன்னும் மோசம். மலப்புரத்தில் 2023-ல் சிறுநீரகக் கோளாறோடு வந்த சிலருக்குக் காரணம் தேடிப் போனபோது, முகத்தில் பூசிய வெளுப்பு க்ரீமில் இருந்த பாதரசத்தில் போய் நின்றது. க்ரீம் வாங்கப் போய் கிட்னி டாக்டரிடம் உட்கார வேண்டுமா?

சரி, என்ன செய்வது? ட்யூபை இன்றைக்கே குப்பையில் போட்டுவிடாதீர்கள், முகம் கொதித்துவிடும். தோல் டாக்டர் வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்துவார். சில மாதம் ஆகும். அது அடங்கின பிறகுதான் மங்கு வைத்தியம். அசெலாயிக் ஆசிட் போன்ற, மெதுவாக வேலை செய்யும் க்ரீம்கள் இருக்கின்றன. ட்ரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை நன்றாகவே கேட்கும். ஆனால் ரத்தம் உறையும் சிக்கல் இருந்தவர்களுக்கு ஆகாது, பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். கர்ப்பத்தடை மாத்திரை போடுகிறீர்களா, பால் கொடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சன்ஸ்க்ரீன் இல்லாமல் எதுவும் நிற்காது. "நான் வெயிலுக்கே போறதில்லை டாக்டர்" என்பார்கள். காலை எட்டரைக்கு ஸ்கூட்டியில் பிள்ளையை ஸ்கூலில் விடுவது யார், மொட்டைமாடியில் துணி காயப்போடுவது யார்? எஸ்.பி.எஃப். 30-க்கு மேல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் போடுங்கள். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. தோல் நிறத்தில் வரும் வகை கிடைத்தால் மங்குக்கு அதுதான் மேல், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் அது தடுக்கும். எலுமிச்சம்பழம் தேய்ப்பதை நிறுத்துங்கள்.

ஒன்று மட்டும் கண்ணாடி முன் நின்று பாருங்கள். மங்கு பெரும்பாலும் கன்னம், மூக்கு, மேலுதடு, நடுநெற்றி என்று முகத்தின் நடுவில் உட்காரும். கருப்பு நெற்றி ஓரம், கன்னப்பொட்டு, காதோரம், கழுத்து என்று முடியை ஒட்டி இறங்கினால் கதை வேறு. அங்கே நான் முதலில் கேட்பது, "தலைக்கு என்ன டை?" 'கருப்பு மருதாணி', 'ஹெர்பல்' என்று அட்டையில் போட்டிருந்தாலும் உள்ளே பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கலாம். அதன் ஒவ்வாமை எல்லோருக்கும் அரிக்காது, சத்தமில்லாமல் கருக்க மட்டும் செய்யும். அதனால் பத்து வருஷமாகப் போடும் டை மீது யாருக்கும் சந்தேகமே வராது. மங்கு மருந்தாகப் பூசிக்கொண்டே இருப்பார்கள், மாதம் ஒருமுறை டையும் அடிப்பார்கள். டையை நிறுத்தாமல் எந்த க்ரீமும் அங்கே எடுபடாது. நிறுத்தினாலும் கருப்பு மங்க மாதக்கணக்காகும். உங்கள் திட்டு கன்னத்தில் என்பதால் இது உங்களுக்கு இருக்காது. ஆனால் உங்கள் அம்மாவுக்கு இருக்கலாம், ஒரு நடை பாருங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. கூட்டம் இருக்கும், காலையிலேயே சீட்டுப் போட்டுவிடுங்கள். போகும்போது இதுவரை பூசிய ட்யூப், டப்பா, சோப்பு எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். க்ரீம் ஆரம்பிப்பதற்கு முன் எடுத்த ஃபோட்டோ ஒன்று போனில் இருந்தால் அதையும் காட்டுங்கள்.