கான்டே அதிகம் கோல் அடித்ததில்லையே, அப்புறம் ஏன் இவ்வளவு பாராட்டு?

பிரான்ஸ் கால்பந்து வீரர் என்கோலோ கான்டே ஆடுவது தடுப்பு நடுக்கள ஆட்டக்காரர் என்ற இடத்தில். எதிரணி நம் கோலை நோக்கி வருவதற்கு முன்பே, மைதானத்தின் நடுவிலேயே பந்தைப் பறித்துத் தன் ஆட்களிடம் சேர்ப்பவர் அவர்.

கல்யாணப் பந்தியில் விசாரிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த இலையில் ரசம் வரவில்லை என்று யாரும் கேட்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். கான்டேவின் வேலையும் அதுதான். பந்து எங்கே போகும் என்று முன்கூட்டியே கணித்து அங்கே போய் நிற்பார்.

பாரிஸில் பிறந்தவர். 2012-13இல்கூட பிரான்ஸின் மூன்றாம் நிலைப் போட்டியில் பூலோன் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். பிறகு கான் அணி. 2015இல் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி அணிக்கு வந்ததும் எல்லாம் மாறியது. 2016இல் லெஸ்டருடனும் 2017இல் செல்சியுடனும் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக் பட்டம், 2018இல் பிரான்ஸுடன் உலகக் கோப்பை. 2023இல் சவுதியின் அல் இத்திஹாத்துக்குப் போனார்.

என் கண்ணில் நிற்பது செல்சிக்காக அவர் ஆடிய 2021 சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய அணிகளுக்கான போட்டி) அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். ரியல் மாட்ரிட் வீரரிடமிருந்து பந்தைப் பறித்துத் தன் அணியின் புலிசிக்கிடம் தள்ளினார். புலிசிக் தட்டிவிட, இன்னொரு செல்சி வீரர் மவுண்ட் கோல் அடித்தார். கோல் கணக்கில் கான்டே பெயர் இல்லை. ஆனால் அந்த கோல் தொடங்கியதே அவரிடம்தான்.

ஓயாமல் ஓடுவார், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை, அதே ஆட்டத்தில் செல்சியின் வெர்னர் அடித்த முதல் கோலுக்கும் பந்தை முன்னே கொண்டுபோய் வழி திறந்தவர் கான்டேதான்.