பில் 251 பவுண்ட், கட்டியது 660 பவுண்ட்

கேள்வி: இங்கிலாந்தில் புதிதாகக் கட்டிய மூன்று படுக்கையறை வீட்டுக்கு மே மாதக் கடைசியில் குடிவந்தோம். கேஸ் இணைப்பே கிடையாது, வீட்டைச் சூடாக்கவும் வெந்நீருக்கும் கரண்டில் ஓடும் ஹீட் பம்ப்தான். கூரையில் சோலார் இருக்கிறது. வீடு எவ்வளவு சிக்கனமாக எரிசக்தியைச் செலவழிக்கும் என்று தரம் போடும் இ.பி.சி. சான்றிதழில் ‘பி’ தரம். கரண்ட் செலவே தெரியாது என்று சொல்லித்தான் வீட்டை விற்றார்கள். ஆனால் கரண்ட் கம்பெனி பேங்கிலிருந்து தானாக மாதம் 165 பவுண்ட் டைரக்ட் டெபிட் எடுக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலு மாதத்தில் 660 பவுண்ட் போய்விட்டது. பில்களைக் கூட்டிப் பார்த்தால் 760 யூனிட்டுக்கு (கிலோவாட்-மணி) 251 பவுண்ட்தான் வருகிறது. யூனிட் 25 பென்ஸ், எரித்தாலும் எரிக்காவிட்டாலும் கட்ட வேண்டிய ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு 50 பென்ஸ். மிச்சம் 409 பவுண்ட் அவர்களிடமே கிடக்கிறது. பேங்குக்குச் சொல்லி டைரக்ட் டெபிட்டை நிறுத்திவிடலாம் என்கிறார் கணவர். செய்யலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், குறைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு குறைக்கலாம் என்பதற்குத்தான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். அந்த 165 பவுண்ட் உங்கள் பில் இல்லை. நீங்கள் ஒரு வருடத்தில் எவ்வளவு கரண்ட் எரிப்பீர்கள் என்று கம்பெனி ஊகித்து, அதற்கான காசைப் பன்னிரண்டாக வகுத்து, மாதாமாதம் எடுக்கும் தவணை அது. கோடையில் மிஞ்சுவது குளிர்காலத்துக்குப் போகும். நம் ஆட்களுக்குச் சீட்டுக் கட்டிப் பழக்கம் என்பதால் இது சட்டென்று பிடிபடும் என்று நினைப்பேன். ஒரே வித்தியாசம், சீட்டில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று சேரும்போதே தெரியும். இங்கே தொகையே ஒரு ஊகம்தான்.

அந்த ஊகம் என்ன என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். 165-ஐ 12-ஆல் பெருக்கினால் 1,980 பவுண்ட். அதில் வருட ஸ்டாண்டிங் சார்ஜ் 182.50 பவுண்டைக் கழித்து, மிச்சத்தை 25 பென்ஸால் வகுத்தால் 7,190 யூனிட். உங்கள் வீடு வருடத்துக்கு 7,190 யூனிட் எரிக்கும் என்று கம்பெனி நினைத்திருக்கிறது. புது வீடு என்பதால் பழைய கணக்கு எதுவும் அவர்களிடம் இருந்திருக்காது. படுக்கையறை எத்தனை, கேஸ் உண்டா இல்லையா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு ஒரு எண்ணைப் போட்டிருப்பார்கள்.

சரி, உண்மையில் எவ்வளவு ஆகும்? பிரிட்டனில் கரண்ட், கேஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம், நடுத்தர வீடு ஒன்று வருடத்துக்கு 2,700 யூனிட் கரண்டும் 11,500 யூனிட் கேஸும் செலவழிக்கும் என்று 2023-ல் கணக்கு வைத்தது. இந்த 2,700-ஐப் பார்த்துவிட்டு “நம் வீடு அதைவிடச் சிக்கனமாச்சே” என்று சந்தோஷப்பட வேண்டாம். அது கேஸில் சூடேற்றும் வீட்டின் கரண்ட் கணக்கு. உங்கள் வீட்டில் ஹீட்டிங்கும் வெந்நீரும் கரண்டிலேயே நடக்கின்றன.

இ.பி.சி. சான்றிதழை அரசின் இணையதளத்தில் திறந்து கீழே போனால், வீட்டைச் சூடாக்க வருடத்துக்கு இத்தனை யூனிட், வெந்நீருக்கு இத்தனை யூனிட் என்று இரண்டு எண்கள் இருக்கும். உதாரணத்துக்கு 4,500, 2,400 என்று வைத்துக்கொள்வோம். இது வெப்பத்தின் அளவு. ஹீட் பம்ப் வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தை இழுத்துத் தருவதால், ஒழுங்காக நிறுவியிருந்தால் ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கொடுக்கும். வெந்நீருக்கு அதைவிடக் குறைவு, இரண்டரை என்று வைக்கலாம். அப்படியானால் ஹீட்டிங்குக்கு 1,500, வெந்நீருக்கு 960. விளக்கு, சமையல், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் அந்த 2,700-ஐயே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 5,160. சோலாரிலிருந்து வீட்டுக்குள்ளேயே செலவாவது 700 என்று தாராளமில்லாமல் கழித்தால் ஏறக்குறைய 4,500 யூனிட். கம்பெனியின் 7,190 எங்கே, இது எங்கே!

4,500 யூனிட்டுக்கு 1,125 பவுண்ட், ஸ்டாண்டிங் சார்ஜ் சேர்த்தால் 1,307 பவுண்ட் சொச்சம். மாதம் 109.

இனி உங்கள் 409 பவுண்டுக்கு வருவோம். மாதம் 109 சரியான தவணை என்றால், நாலு மாதத்தில் 436 கட்டியிருப்பீர்கள். பில் 251 போக 185 கையிருப்பாக நிற்கும். ஆக, செப்டம்பர் கடைசியில் 185 பவுண்ட் மிச்சம் இருப்பது தப்பே இல்லை, இருந்தாக வேண்டும். ஜனவரியில் ஹீட் பம்ப்போடு சேர்த்து வீடு மொத்தம் 700 யூனிட் இழுத்து பில் 190 பவுண்டுக்கு வந்து நிற்கும்போது அந்தக் காசுதான் கைகொடுக்கும். அதற்கு மேலே இருக்கும் 224 பவுண்ட்தான் கேள்விக்குரியது. முழு 409-ஐயும் திருப்பிக் கேட்டு வாங்கிவிட்டு பிப்ரவரியில் கடன்பட்டு நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

கம்பெனிக்கு என்ன எழுதுவது? நீங்கள் போட்ட கணக்கை அப்படியே எழுதுங்கள். “எந்த வருடாந்திர யூனிட் கணக்கில் 165 வைத்தீர்கள்?” என்று கேளுங்கள். கையிலுள்ள நல்ல, அண்மைய தகவலை வைத்துத்தான் தவணையை நிர்ணயிக்க வேண்டும், எப்படி நிர்ணயித்தோம் என்பதையும் வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டும் என்பது அவர்களுடைய லைசென்ஸ் நிபந்தனை. மீட்டர் ரீடிங்கோடு எழுதினால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 109 கேட்க மாட்டேன், 120 கேட்பேன். புது வீட்டின் சிமெண்டிலும் பூச்சிலும் நிறைய ஈரம் இருக்கும். அது காய்வதற்கே முதல் குளிர்காலத்தில் கூடுதல் சூடு போகும். ஒரு மார்ச் தாண்டட்டும், அப்புறம் இன்னும் குறைக்கலாம்.

பேங்கில் நிறுத்தினால் என்ன ஆகும்? கரண்ட் நின்றுவிடாது. ஆனால் டைரக்ட் டெபிட்டில் கட்டுவோருக்கான விலை போய், பில் வந்தபின் கட்டுவோருக்கான கூடுதல் விலைக்கு மாற்றிவிடுவார்கள். தவணையே பிடிக்காவிட்டால், அந்தந்த மாத பில் முழுவதையும் டைரக்ட் டெபிட்டிலேயே எடுக்கும் முறை உண்டா என்று கேளுங்கள். சில கம்பெனிகள் தருகின்றன. கோடையில் சுகமாக இருக்கும், ஜனவரியில் கடிக்கும். சம்பளம் மாதாமாதம் ஒரே மாதிரி வருகிற வீட்டுக்குத் தவணைதான் நல்லது என்பது என் எண்ணம்.

இவ்வளவும் மீட்டர் சரியாக இருந்தால். புதுக் குடியிருப்புகளில் மனை எண் ஒன்று, தபால் முகவரி எண் வேறொன்று. அதனால் பக்கத்து வீட்டு மீட்டர் உங்கள் பெயரில் பதிவாகியிருப்பது அப்படி ஒன்றும் அபூர்வம் இல்லை. பில்லில் உள்ள மீட்டர் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு மெயின் சுவிட்சை ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் யூனிட் ஏறினால் நீங்கள் வேறு யாருக்கோ கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வி: எங்கள் புது வீட்டுக் கூரையிலும் பில்டரே சோலார் போட்டுத் தந்திருக்கிறார். பகலில் நாங்கள் வேலைக்குப் போய்விடுகிறோம். ஸ்மார்ட் மீட்டரோடு தந்த சின்னத் திரையில் சோலார் கணக்கே வரவில்லை. பில்லிலும் ஒன்றும் கழிக்கவில்லை. பேனல் வேலை செய்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது.

பதில்: பேனல் வேலை செய்துகொண்டிருக்கலாம், காசுதான் வரவில்லை. அந்தத் திரை பொதுவாக வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் கரண்டை மட்டும்தான் காட்டும். கூரையில் உற்பத்தியாவதைப் பார்க்க, பேனலின் கரண்டை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியான சோலார் இன்வெர்ட்டரைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பரணிலோ மீட்டருக்குப் பக்கத்திலோ இருக்கும்.

நீங்கள் வீட்டில் இல்லாத பகலில் உற்பத்தியாவதில் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது. அதற்குப் பணம் தரும் ஏற்பாடுதான் ஸ்மார்ட் எக்ஸ்போர்ட் கேரண்டி, 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 1,50,000 அல்லது அதற்கு மேல் வீட்டு வாடிக்கையாளர் வைத்திருக்கும் கம்பெனிகள் இதைத் தந்தாக வேண்டும். ஆனால் தானாக வராது, நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு, சோலாரை முறைப்படி நிறுவியதற்கான எம்.சி.எஸ். சான்றிதழ் கேட்பார்கள். சாவி தந்த நாளில் பில்டர் கொடுத்த கோப்பில் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் விடாமல் கேட்டு வாங்குங்கள். கரண்ட் வாங்குகிற கம்பெனிக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. யார் யூனிட்டுக்கு அதிகம் தருகிறார்கள் என்று பார்த்து அவர்களிடம் போகலாம். பதிவுசெய்வதற்கு முன்னால் வெளியே போன யூனிட்டுகளுக்குப் பொதுவாகக் காசு கிடைக்காது என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, வாஷிங் மெஷினையும் பாத்திரம் கழுவும் மெஷினையும் டைமர் வைத்து நடுப்பகலில் ஓட விடுங்கள். வெளியே விற்றால் கிடைப்பது பெரும்பாலும் நீங்கள் வாங்கும் விலையைவிடக் குறைவு.

கேள்வி: சிக்கன வீடு என்றார்கள். ஆள் இல்லாத வாரத்திலும் நாளுக்கு நாலைந்து யூனிட் ஓடுகிறது. எங்கே போகிறது?

பதில்: ஃப்ரிட்ஜ், ரவுட்டர் போக, புது வீடுகளில் சிலவற்றில் காற்றோட்டத்துக்கென்று ஓயாமல் ஓடும் மின்விசிறி அமைப்பு இருக்கும். 40 வாட் என்றாலும் வருடத்துக்கு 350 யூனிட். அதை அணைக்காதீர்கள், சுவரில் பூஞ்சை வரும். நீங்கள் தேட வேண்டியது வெந்நீர்த் தொட்டிக்குள் இருந்து நேரடியாகக் கரண்டில் நீரைச் சூடாக்கும் இம்மெர்ஷன் ஹீட்டர். வழக்கமாக 3 கிலோவாட். ஹீட் பம்ப் ஒரு யூனிட்டில் சூடாக்கும் நீரை இது இரண்டரை யூனிட் தின்று சூடாக்கும். விருந்தாளி வந்த நாளில் யாரோ அதைத் தட்டிவிட்டு மறந்துபோய், எங்கள் வீட்டில் மூன்று வாரம் எரிந்தது. ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்லும் நானே பில் வந்தபிறகுதான் கண்டுபிடித்தேன். நோய்க்கிருமி வளராதிருக்க வாரம் ஒருமுறை அது தானாகவே கொஞ்ச நேரம் ஓடும், அது இருக்கட்டும். தினமும் ஓடினால்தான் தப்பு.

கேள்வி: வீடு மாறுகிறோம். கரண்ட் கம்பெனியிடம் 300 பவுண்ட் மிச்சம் நிற்கிறது. வருமா?

பதில்: வரும். கிளம்பும் நாளில் மீட்டரைப் போட்டோ எடுத்து ரீடிங் அனுப்புங்கள், புது முகவரியும் கொடுங்கள். ஆறு வாரத்துக்குள் கடைசி பில், அதிலிருந்து பத்து வேலைநாளில் பணம். அந்தப் பணம் பழைய கணக்கோடு இணைந்த பேங்குக்கே போகலாம் என்பதால் அதுவரை அந்த பேங்க் கணக்கை மூடாதீர்கள். இழுத்தடித்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரம் ஆகியும் தீராவிட்டால், இத்தகைய புகார்களைத் தீர்த்துவைக்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மன் என்ற அமைப்பு இருக்கிறது, செலவு இல்லை. அது சொல்லும் முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் கம்பெனியும் ஏற்றே ஆக வேண்டும்.