காய்ச்சல் மருந்து டெஸ்ட்ல எலி ரீடிங் ஏன் தாறுமாறா வருது?

காய்ச்சல் வர வைக்க ஈஸ்ட் ஊசி போட்ட எலிக்கு காய்ச்சல் ஏறல, போடாத எலிக்கு ஏறுதுன்னு கேட்டிருக்கீங்க. எம்.ஃபார்ம் புராஜெக்ட்டா தான் இருக்கும், கைடு வேற நெருக்குவாரு. நானும் சென்னையில இதே வேலை பண்ணவ தான்.

20% ஈஸ்ட் கரைசல், கிலோவுக்கு 10 எம்எல், தோலுக்கடியில போட்டு 18 மணி நேரம் கழிச்சு பாக்கறது, அதெல்லாம் சரியா தான் பண்ணிருப்பீங்க. ஆனா எலி பயந்தாலே உடம்பு சூடு ஏறிடும், ஒரு டிகிரி கூட ஏறும், நாம தேடற காய்ச்சலே அவ்ளோ தானே. எங்க லேப்ல ஒருத்தர் வாலப் புடிச்சு தூக்கி அவசர அவசரமா ஆசனவாயில புரோப் (சூடு பாக்கற தெர்மாமீட்டர் குச்சி) விடுவாரு, அது கீச்சுன்னு கத்தி மூத்திரம் போயிடும், அந்த நம்பர அப்படியே நோட்ல எழுதிக்குவாரு. நான் ஊசிக்கு முன்னாடியே தினமும் துணியில சுத்தி மடியில வச்சு, புரோப்ல லிக்விட் பாரஃபின் தடவி, ரெண்டு சென்டிமீட்டர் மட்டும் விட்டு பழக்கினேன். அப்புறம் கத்தவே இல்ல, ஈஸ்ட் போடாத குரூப் ரீடிங் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்துச்சு. இதுல எனக்கு பெருமை தான்.

அனிமல் ஹவுஸ் 22 டிகிரி வாக்குல இருக்கணும், மே மாசம் கரண்ட் போனா என்னாகும்? எங்க காலேஜ்ல பிரின்சிபால் ரூம் ஏசிக்கு ஜெனரேட்டர் உண்டு, எலிங்களுக்கு கிடையாது, எத்தனை லெட்டர் குடுத்தும் அசையல, ஸ்டைபெண்டும் மாசக்கணக்கா வராது, ஈஸ்ட் கூட என் கைக்காசுல வாங்கினது.

எலிய வதைக்கிறதுக்கு ஐடியா குடுக்கறேன்னு யாராவது வருவாங்க. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம ஒரு எலியக் கூட நான் தொட்டதில்ல. மிரட்டி எடுத்த ரீடிங்கால அந்த எலி பட்ட கஷ்டமும் வீணாப் போகுதுன்னு தான் இவ்ளோ எழுதறேன்.

நீங்க டெஸ்ட் பண்ற மருந்து நிலவேம்பு மாதிரி மூலிகை எக்ஸ்ட்ராக்ட்னா (மூலிகையிலிருந்து எடுத்த சாறு), ஈஸ்ட் போடாத ஒரு குரூப்புக்கும் அதையே குடுத்துப் பாருங்க. காய்ச்சல ஏத்தி விடற புரோஸ்டாகிளாண்டின்ங்கற பொருள் உடம்புல உருவாகறத ஆஸ்பிரின் தடுக்குதுன்னு விஞ்ஞானி ஜான் வேன் 1971லயே காட்டிட்டாரு, அதனால தான் சாதாரண டோஸ்ல அது காய்ச்சல இறக்கும், நார்மல் சூட்ட தொடாது. உங்க எக்ஸ்ட்ராக்ட் நல்லா இருக்கற எலியவும் குளிர வச்சா, அத காய்ச்சல் மருந்துன்னு தீசிஸ்ல எழுத முடியாது. அந்த குரூப்புக்கும் சேத்து இப்பவே கமிட்டிக்கு எழுதிக் குடுத்துடுங்க, நடுவுல எலி கேட்டா மறுபடியும் அப்ரூவலுக்கு அலையணும்.