சரக்கு ஏறிவிட்டது என்றால் போனை ஒட்டுக்கேட்பார்களா?

தருமபுரி நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றிப் பலர் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

காவேரிப்பட்டணம் மாங்காய் வியாபாரி: அண்ணா, சீசனில் நாள் முழுக்க "சரக்கு ஏறிவிட்டது, இறங்கிவிட்டது" என்றுதான் போனில் பேசுகிறேன். இன்ஸ்பெக்டர் நினைத்தால் ஒட்டுக்கேட்க முடியுமா?

செந்தூரா விலைக்கு யாரும் காது கொடுக்க மாட்டார்கள், தம்பி. இன்ஸ்பெக்டரால் மட்டுமல்ல, எஸ்.பி.யாலும் ஆணையிட முடியாது. மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலர் எழுத்தில் ஆணையிட வேண்டும். அவசரத்தில் ஐ.ஜி. ஆணையிடலாம், ஏழு வேலை நாளுக்குள் மேலிடம் உறுதி செய்யாவிட்டால் நிறுத்தியாக வேண்டும். ஓர் ஆணைக்கு ஆயுள் 60 நாள்; நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது.

பென்னாகரம் ஆசிரியை: நீதிபதியிடம் வாரண்ட் வாங்க வேண்டாமா, சார்?

வேண்டாம், அம்மா. என் வயிற்றெரிச்சலே அதுதான். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்து, 1996-இல் தீர்ப்பு வந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்திடம் இதைத்தான் கேட்டார்கள். சட்டத்தில் அப்படி வழியில்லாதபோது முன்கூட்டியே நீதிபதி பார்க்க வேண்டும் என்று தாங்களாகச் சொல்ல முடியாது என்ற நீதிபதிகள், மறுஆய்வுக் குழு ஒன்றை அமைக்கச் சொன்னார்கள். மாநிலத்தில் அதற்குத் தலைவர் தலைமைச் செயலர். கூடவே சட்டச் செயலரும் இன்னொரு செயலரும். ஆணையிடுபவருக்கும் சரிபார்ப்பவருக்கும் ஒரே கோட்டைதான் அலுவலகம். பங்காளிகளே கூடித் தீர்ப்புச் சொல்லும் பஞ்சாயத்து. போனுக்குச் சொந்தக்காரருக்கோ விஷயமே தெரியாது. அவருக்காகப் பேசவும் அங்கே ஆளில்லை. 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டமும் 2024 டிசம்பரில் வந்த விதிகளும் இதை மாற்றவில்லை.

பாலக்கோட்டிலிருந்து ஒருவர்: அப்படியானால் நீதிமன்றம் எப்போதுதான் உள்ளே வரும்?

வழக்கு என்று ஒன்று வந்த பிறகு. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலையில் அளித்த தீர்ப்பைப் பாருங்கள். லஞ்சப் புகார் ஒன்றுக்காக ஒரு நிறுவன இயக்குநரின் போனை ஒட்டுக்கேட்க 2011-இல் மத்திய உள்துறை ஆணையிட்டிருந்தது. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ இருந்தால்தான் சட்டம் இடம் கொடுக்கிறது. இவை ரகசியமாக இருக்கக் கூடியவை அல்ல, சாதாரண மனிதனின் கண்ணுக்கே தெரிய வேண்டும் என்பது 1996 தீர்ப்பின் அளவுகோல். ஒரு லஞ்சப் பேரத்தைக் கண்டுபிடிப்பது இதில் அடங்காது என்றார் நீதிபதி. பதிவுகளை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவும் இல்லை. ஆணை ரத்தானது, பதிவுகளைப் பயன்படுத்தவும் தடை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒட்டுக்கேட்டது 2011-இல், ரத்தானது 2025-இல். வழக்கில் சிக்காதவருக்கு இந்தக் கதவும் இல்லை.

ஓசூர் மென்பொருள் ஊழியர்: அமெரிக்காவில் இதற்கென்றே நீதிமன்றம் இருக்கிறதாமே?

இருக்கிறது. 1978-இன் சட்டப்படி அமைந்தது. இப்போது 11 நீதிபதிகள். ரொம்பவும் மெச்சிக்கொள்ள வேண்டாம். கதவை மூடிக்கொண்டு பெரும்பாலும் அரசுத் தரப்பை மட்டும் கேட்கிற நீதிமன்றம் அது. அமெரிக்க உளவு ரகசியங்களை அம்பலப்படுத்திய ஸ்னோடன் 2013-இல் வெளியிட்ட முதல் ஆவணமே, கோடிக்கணக்கான அழைப்புகளின் விவரத்தை நாள்தோறும் ஒப்படைக்கும்படி ஒரு தொலைபேசி நிறுவனத்துக்கு அந்த நீதிமன்றம் இட்ட ஆணைதான். ஆனாலும் அங்கே ஒரு நீதிபதியின் கையெழுத்தாவது இருந்தது.

மறுபடியும் காவேரிப்பட்டணம்: பேச்சை விடுங்கள் அண்ணா, யாருக்குப் பேசினேன் என்ற பட்டியல்?

அதற்கு உள்துறைச் செயலர் வரை போக வேண்டியதில்லை. விசாரணைக்காகப் போலீஸ் எழுத்தில் கேட்டாலே நிறுவனம் கொடுத்துவிடும். மாங்காய் விலை அதில் இருக்காது. யாருடன், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், எந்த டவரின் கீழ் நின்று பேசினாய் என்பதெல்லாம் இருக்கும்.